சுண்ணாம்புத் தெளிநீர்

சுண்ணாம்புத் தெளிநீரைப் பள்ளி ஆய்வகத்தில் பார்க்காதவர் நம்மில் குறைவு. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் வடித்துச் சோதனைக்குழாயில் கொடுப்பார்கள். கண்ணாடிக்குழல் வழியே அதில் ஊதினால் பால்போல் வெளுக்கும். நம் மூச்சில் கரியமில வாயு இருக்கிறது என்பதற்கு அது சான்று. எட்டாம் வகுப்போடு மறந்துபோன அந்தத் தெளிநீரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2018ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில், ஜெர்மனியில் என் தம்பி வீட்டு வரவேற்பறையில் மீண்டும் பார்த்தேன். மூடிய புட்டி ஒன்றிலிருந்து சொட்டுச் சொட்டாக அது ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் உயிருள்ள பவளங்கள் இருந்தன. 'கால்க்வாஸர்' என்றான் தம்பி. கால்க் என்றால் சுண்ணாம்பு. வாஸர் என்றால் நீர். நம் ஊர்ச் சொல்லை அப்படியே ஜெர்மனில் சொன்னதுபோல் இருந்தது.

கவிதையும் நாவலும் பேசும் இடத்தில் மீன்தொட்டிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். அந்தத் தொட்டியில் நான் ஒரு பிழை செய்தேன். அந்தப் பிழை ஓர் உயிரைக் கொன்றது. அதிலிருந்து எனக்கு ஒரு கருத்து உருவாயிற்று. குறையைக் கண்டவுடன் அதை நிரப்பத் துடிக்கும் கை, அந்தக் குறையைவிட அதிகக் கேடு செய்கிறது என்பதே அது. பவளத் தொட்டி வளர்ப்போரில் பலர் இன்றும் இதை ஏற்பதில்லை. ஆகவேதான் எழுதத் தோன்றியது.

முதலில் பவளத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். தமிழ் படித்தவனுக்குப் பவளம் என்பது ஓர் உவமை. இதழுக்கும் விரலுக்கும் வரும் செம்மை. பட்டினப்பாலை துகிர் என்ற பெயரில் அதை வணிகப் பொருள்களில் ஒன்றாகச் சொல்கிறது. நவமணிகளில் ஒன்றாகவும் நாம் அதை எண்ணிவந்திருக்கிறோம். மணி என்று எண்ணியதால் கல் என்றே நம்பிவிட்டோம். பவளம் ஒரு விலங்கு. நகைக்கு ஆகும் செம்பவளம் ஒரு வகை. கடலடியில் பாறை கட்டும் கல் பவளங்கள் வேறு வகை. இந்த இரண்டாவது வகையில், பாலிப் எனப்படும் மென்மையான சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி ஒரே கூட்டமாக வாழ்கின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து வெளிச்சத்தில் உணவு ஆக்கித் தருகின்றன. பாலிப்புகள் கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துத் தமக்கு அடியில் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொண்டே போகின்றன.

கடலில் இதற்குக் குறைவில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 410 முதல் 420 மில்லிகிராம் கால்சியமும், ஏறக்குறைய 1300 மில்லிகிராம் மக்னீசியமும் உண்டு. பைகார்பனேட்டும் கார்பனேட்டும் சேர்ந்த இருப்பைக் காரத்தன்மை என்ற அளவால் குறிக்கிறார்கள். பவளத் தொட்டி வைத்திருப்போர் அதை 'ஜெர்மன் டிகிரி'யில் சொல்வது வழக்கம். கடலில் அது 7 டிகிரி அளவில் இருக்கும். தொட்டிகளில் 7க்கும் 11க்கும் இடையே வைத்துக்கொள்கிறார்கள். பவளம் எவ்வளவு எடுத்தாலும் கடலுக்குத் தெரியாது. ஆனால் சில நூறு லிட்டர் தொட்டியில் நாள்தோறும் எடுத்தால் ஒரு வாரத்தில் இருப்பு கண்கூடாகக் குறையும். எடுத்ததைத் திருப்பி வைக்க ஆள் வேண்டும்.

திருப்பி வைக்கும் வழிகளில் பழையது சுண்ணாம்புத் தெளிநீர். பீட்டர் வில்கென்ஸ் என்பவர் 1970களில் இதைப் பரப்பினார். ஆவியாகிப்போகும் நீருக்கு ஈடாக இதைச் சொட்டவிட்டால் கால்சியமும் காரத்தன்மையும் ஒருசேரக் கிடைக்கும். ஆனால் தெளிநீரின் பி.எச். 12க்கு மேல். கடல்நீரின் பி.எச். 8.1 அளவுதான். ஆகவே சொட்டாகத்தான் விட வேண்டும். இரவில் விடுவது நல்லது. ஒளிச்சேர்க்கை நின்று உயிர்களின் மூச்சுக்காற்று நீரில் சேர்வதால் அப்போது பி.எச். இறங்கியிருக்கும். 1990களில் ஹான்ஸ்-வெர்னர் பாலிங் என்ற ஜெர்மானியர் இன்னொரு முறையை முன்வைத்தார். ஒரு புட்டியில் கால்சியம் குளோரைடு, இன்னொன்றில் சோடியம் பைகார்பனேட். இரண்டும் தம் வேலையை முடித்தபின் எஞ்சுவது சாதாரண உப்பு. அது மட்டும் சேர்ந்துகொண்டே போனால் நீரின் உப்புகளுக்குள் உள்ள விகிதம் மாறிவிடும். அதைச் சரிகட்ட மூன்றாவது புட்டியில், சாதாரண உப்பு நீங்கலாகக் கடலின் பிற உப்புகள். இம்மூன்றையும் வேளைதோறும் சிறிது சிறிதாகச் செலுத்த டோசிங் பம்ப் என்ற கருவி உண்டு. தம்பி வீட்டில் தெளிநீரும் இருந்தது, பம்ப்பும் இருந்தது.

இவற்றையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது சோதனைதான். மாலை ஏழு மணிக்குத் தம்பி ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் தொட்டி நீரை அளந்து எடுப்பான். அதில் நிறங்காட்டியைச் சில துளிகள் விட்டால் நீர் நீலப்பச்சை ஆகும். பிறகு சிரிஞ்சில் அமிலத்தை எடுத்துத் துளித்துளியாக விட்டுக் குலுக்குவான். நிறம் மாறாது, மாறாது, ஒரு துளியில் மாறிவிடும். அதுவரை செலவான அமிலம்தான் காரத்தன்மையின் அளவு. கால்சியத்துக்கும் இதே போன்ற சோதனை. அங்கே இளஞ்சிவப்பு நீலமாக மாறும். எண்ணைப் பார்த்ததும் ஒரு கோடிட்ட நோட்டில் தேதியிட்டு எழுதுவான். மூன்றாண்டுக் கணக்கு அந்த நோட்டில் இருந்தது. வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை.

அந்த எண்களில் ஓர் ஒழுங்கு இருப்பதைத் தம்பி விளக்கினான். பவளம் தன் கூட்டைக் கட்டும்போது கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஒரு நிலையான விகிதத்தில் எடுக்கிறது. காரத்தன்மை 2.8 டிகிரி குறைந்தால், கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் குறையும். 420இல் 20 போவது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. சோதனையில் தெரியாமலே போகலாம். ஆனால் 8 டிகிரியில் 2.8 போவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பணம் இரண்டு பெட்டிகளில் இருக்கிறது, ஒன்று பெரிது, மற்றொன்று சிறிது, இரண்டிலிருந்தும் ஒரே தொகை செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய பெட்டிதான் செலவைக் காட்டும். ஆகவேதான் காரத்தன்மையை நாள்தோறும் அளப்பவர்கள் கால்சியத்தை வாரம் ஒருமுறை அளந்தால் போதும் என்கிறார்கள்.

இனி என் பிழைக்கு வருகிறேன். தம்பி குடும்பத்தோடு பத்து நாள் வெளியூர் போனான். தொட்டி என் பொறுப்பில் வந்தது. தினமும் காரத்தன்மையை மட்டும் அளந்து எழுதச் சொல்லியிருந்தான். முதல் இரண்டு நாள் எழுதினேன், 8.0, 8.0. பம்ப் இருக்கிறது, எண் மாறவில்லை, இனி எதற்கு என்று மூன்று நாள் அளக்கவில்லை. கையில் இருந்த நாவல் பாதியில் நின்றிருந்தது என்பதும் ஒரு காரணம். ஆறாம் நாள் மாலை அளந்தபோது 6.2. பைகார்பனேட் புட்டி காலியாகி, குழாய் வெறுங்காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பம்ப் கொடுத்து வந்த பங்கு நாளொன்றுக்கு 0.6 டிகிரி, மூன்று நாளில் 1.8. கணக்கு துல்லியமாகவே இருந்தது. அளக்காதவன் நான்தான்.

பதற்றத்தில் ஒரு கணக்குப் போட்டேன். 100 லிட்டர் நீரில் காரத்தன்மையை 1 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 3 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். நம் வீடுகளில் ஆப்பச் சோடா என்கிறோமே, அதே பொருள். தொட்டி 300 லிட்டர். எட்டுக்குச் சற்று மேலேயே இருக்கட்டும் என்று 2 டிகிரி உயர்த்த 18 கிராம் நிறுத்து, கரைத்து, ஒரே மூச்சில் ஊற்றினேன். காலிப் புட்டியையும் நிரப்பி வைத்தேன். கடமை முடிந்தது என்ற நிம்மதியோடு அன்றிரவு நாவலையும் முடித்தேன்.

300 லிட்டர் என்பது தொட்டியின் கொள்ளளவு. பாறையும் மணலும் போக உள்ளே இருந்த நீர் 240 லிட்டர். நான் ஊற்றிய 18 கிராம் 2 டிகிரி அல்ல, 2.5 டிகிரி உயர்த்தியது. மறுநாள் காலை சோதித்தபோது 8.7. மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழகிய உயிர்கள் சில நிமிடங்களில் அவ்வளவும் அதற்கு மேலும் ஏற்றப்பட்டிருந்தன. இரண்டு நாள் கழித்து, மான்கொம்பு போல் கிளைத்த அக்ரோபோரா ஒன்றின் நுனிகள் வெளுத்தன. பிறகு அடியிலிருந்து தசை உரிந்து, ஒரு வாரத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக் கிளை மட்டும் நின்றது. நான்காண்டுகளுக்கு முன் ஒரு நண்பரிடமிருந்து விரல் நீளத் துண்டாக வாங்கி, முன்பிருந்த சிறு தொட்டியில் நட்டு, பிறகு இதற்கு மாற்றித் தம்பி வளர்த்த பவளம் அது. தொலைபேசியில் சொன்னபோது அவன் கோபப்படவில்லை. "குறைஞ்சதுல தப்பில்லண்ணா. மூணு நாள்ல குறைஞ்சதை மூணு நிமிஷத்துல ஏத்தினீங்க பாருங்க, அதுதான்" என்றான்.

அவன் செய்திருக்கக்கூடியது என்ன என்று கேட்டேன். முதலில் இன்னொரு முறை அளந்திருப்பேன் என்றான். வீட்டுச் சோதனைகளில் அரை டிகிரி முன்பின் ஆவது சாதாரணம். புட்டியை நிரப்பிப் பம்ப் வழக்கம்போல் ஓடட்டும் என்று விட்டிருப்பேன். குறைந்ததை நாளுக்கு அரை டிகிரியாக நான்கு நாளில் ஏற்றியிருப்பேன் என்றான். அரை டிகிரிக்கு அந்தத் தொட்டியில் 3.6 கிராம் போதும். ஒரு தேக்கரண்டிகூட இல்லை.

இதற்குப் பின்தான் இத்துறையில் இருப்பவர்கள் எழுதுவதைத் தேடிப் படித்தேன். இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சிக்கு எண்ணே தெய்வம். கால்சியம் 440, காரத்தன்மை 9, மக்னீசியம் 1350 என்று ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டு, தினமும் ஒரு புட்டியைத் திறந்து அந்த எண்ணைத் துரத்துவார்கள். மற்றொரு கட்சி, சோதனையெல்லாம் வீண் கவலை, இயற்கை பார்த்துக்கொள்ளும், வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும் என்கிறது. இந்த இரண்டாம் கட்சியினர் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவரை முன்னோடியாகக் காட்டுவதுண்டு. அவர் 1961இல் தம் முறையை எழுதி வெளியிட்டார். உயிருள்ள கடற்பாறை, வெயில், காற்றுக்குமிழி இவற்றைக் கொண்டே பவளங்களை வளர்த்தார். மதிக்கத்தக்க சாதனைதான். ஆனால் அவர் இருந்தது வெப்பமண்டலக் கடலோர நகரம். தொட்டிக்குக் கடல்நீர் அருகிலேயே கிடைத்தது. ஜெர்மனியின் உள்நாட்டு ஊர் ஒன்றில், குழாய் நீரை வடிகட்டி உப்புக் கலந்து கடல் செய்பவருக்கு அந்த வசதி இல்லை. நீரை மாற்றுவதன் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 6.2 டிகிரியில் இருக்கும் தொட்டியில் பத்தில் ஒரு பங்கை 8 டிகிரி நீரால் மாற்றினால் கிடைப்பது 6.4 கூட இல்லை. பவளம் நிறைந்த தொட்டி அதை ஒரே நாளில் தின்றுவிடும்.

என் வரையில் இரு கட்சிகளும் ஒரே தவற்றைச் செய்கின்றன. ஒருவர் பட்டியலைப் பார்க்கிறார், மற்றவர் தம் நம்பிக்கையைப் பார்க்கிறார். தொட்டியை இருவரும் பார்ப்பதில்லை. 8.0 என்ற எண்ணால் மட்டும் எதுவும் தெரியாது. நேற்றும் இன்றும் அதே நேரத்தில் அளந்த இரண்டு எண்களின் வேறுபாட்டில்தான் அந்த உயிர்கள் எவ்வளவு எடுத்துக்கொண்டன என்பது தெரிகிறது. நன்றாக வளரும் மாதத்தில் அதிகம் எடுக்கும். நோயுற்றால் எடுப்பது குறையும். பவளத்துக்குக் குரல் இல்லை. தன் நலத்தை அது தெரிவிக்கும் வழிகளில் இந்தச் செலவுக் கணக்கும் ஒன்று. 7.5இல் நிலையாக இருக்கும் தொட்டி, 7க்கும் 9க்கும் இடையே ஊசலாடும் தொட்டியைவிட நலமாக இருக்கும். ஊசலாட்டத்தைப் பெரும்பாலும் உண்டாக்குவது வளர்ப்பவரின் திருத்தங்களே. நோட்டில் எண்ணை எழுதிவிட்டு எதையும் ஊற்றாமல் எழுந்து போகும் மாலைகள்தான் ஒரு நல்ல தொட்டியின் வரலாற்றில் அதிகம்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். மிகுதி, குறைவு இரண்டுமே நோயைத் தரும் என்பது அதன் தொடக்கம். நடத்திய எனக்கு, நேரமும் ஓர் அளவு என்பது அந்த மே மாதம் வரை தோன்றவில்லை. எவ்வளவு என்பதோடு எவ்வளவு விரைவில் என்பதும் சேர்ந்ததுதான் அளவு. 6.2 அந்தப் பவளத்தைக் கொல்லவில்லை. 8.7 என்ற எண்ணிலும் பவளங்கள் நலமாக வாழும் தொட்டிகள் எத்தனையோ உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நான் கொண்டுசென்ற வேகம்தான் கொன்றது.

ஊர் திரும்பிய பிறகு அந்த வெள்ளைக் கிளை மனத்தை விட்டுப் போகவில்லை. அதை முன்பே எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. தனுஷ்கோடியில் பார்த்திருக்கிறேன். 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த அவ்வூரின் தேவாலயச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அருகே போய்ப் பார்த்தால் அவை பவளக்கற்கள். மன்னார் வளைகுடாவில், ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகளைப் பல பதிற்றாண்டுகள் வெட்டி எடுத்தோம். சில சுவரில் வைக்கும் கல்லாயின. சில காளவாசலில் வெந்து சுண்ணாம்பாயின. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001இல் கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குள் இழப்பு நேர்ந்துவிட்டது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. அலையைத் தடுத்து நின்ற பாறையை அகற்றினால் தீவின் மணல் எத்தனை நாள் நிற்கும்?

தம்பி வீட்டுப் புட்டியில் நடந்தது இதன் மறுதிசை. பவளத்தைச் சுட்டால் சுண்ணாம்பு. சுண்ணாம்பை நீரில் கரைத்துச் சொட்டவிட்டால், மெல்ல மெல்ல, மீண்டும் பவளம். வேதியியலில் வட்டம் முழுமையாகிறது. காலம்தான் ஒத்துவருவதில்லை. கிளைத்து வளரும் பவளம் நல்ல நிலையில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் நீளும். உருண்டு திரண்டு வளரும் வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்தான். காளவாசலுக்கு ஓரிரு நாள் போதும்.

நம் நாட்டில் இப்படியொரு தொட்டி வைக்கச் சட்டம் இடம்தராது. அது சரியே என்பது என் எண்ணம். ஜெர்மனியிலும் கடலிலிருந்து நேரே பெயர்த்தெடுத்த பவளத்தை விலைக்கு வாங்கி அழகு பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முருங்கைக் கொம்பை ஒடித்து நடுவதுபோல், வளர்ந்த பவளத்திலிருந்து ஒரு துண்டை ஒடித்து அடுத்தவருக்குக் கொடுத்து வளர்க்கும் வழக்கம் அங்கே பரவலாக இருக்கிறது. அந்த வழியில் வந்த தொட்டிக்கு மட்டுமே நியாயம் உண்டு. இதே ஒடித்து நடும் முறையால்தான் தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் மன்னார் வளைகுடாவில் சிதைந்த பாறைகளுக்கு மீண்டும் உயிர் கொடுக்க முயன்று வருகிறார்கள். 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது அந்த உழைப்பும் அடிவாங்கியது. தொழில்புரட்சிக் காலத்துக்கு முன் 8.2 அளவில் இருந்த கடல் மேற்பரப்பின் பி.எச். இன்று 8.1 அளவுக்கு வந்துவிட்டது. சிறிய மாற்றமாகத் தோன்றலாம். பி.எச். அளவின் இயல்பால், நீரின் அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடியதாக இதற்குப் பொருள். நம் புகையிலிருந்து வரும் கரியமில வாயுதான் காரணம். பள்ளிச் சோதனைக்குழாயில் ஊதிய அதே வாயு. இங்கும் அறிவியலார் அஞ்சுவது மாற்றத்தின் அளவோடு அதன் வேகத்தையும்தான்.

கடலுக்கு டோசிங் பம்ப் வைக்க நம்மால் இயலாது. இயன்றாலும், என்னைப் போன்ற ஒருவன் பதற்றத்தில் ஒரே மூச்சில் ஊற்றிவிடுவானோ என்று இப்போது பயமாக இருக்கிறது. நம் பங்குக்கு, எரிப்பதைக் குறைப்பதும் வெட்டுவதை நிறுத்துவதும்தான் இருக்கின்றன. வெட்டுவதைச் சட்டம் போட்டு நிறுத்த முடிந்தது. மற்றதற்கு இன்னும் கணக்கு நோட்டையே ஒழுங்காக எழுதவில்லை.

தம்பி அந்த வெள்ளைக் கிளையைத் தூக்கி எறியவில்லை. தொட்டியிலேயே ஒரு மூலையில் வைத்திருந்தான். அடுத்த ஆண்டு அவன் அனுப்பிய படத்தில், அதன் நடுக்கணுவில் வேறொரு பவளத்தின் சிறு துண்டு ஒட்டவைக்கப்பட்டிருந்தது. சுண்ணாம்பின் மேல் தசை படரத் தொடங்கியிருந்தது. படத்தின் கீழே அன்றைய எண்ணையும் எழுதியிருந்தான்: 7.9.